தெருச் சாக்கடை எந்த ஆற்றில் விழுகிறது? டெல்டா நகரவாசிகளுக்கான கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம், திருச்சி என்று காவிரிப் படுகையின் ஏதோ ஒரு நகரத்தில் குடியிருந்துகொண்டு, "ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. நிலபுலன் இல்லாதவர்கள், காலையில் அலுவலகம் போய் இரவில் திரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையில் அரைநாள் மட்டும் ஒதுக்க முடிந்தவர்கள் கேட்ட கேள்விகளே இதில் அதிகம்.

நான் விவசாயி இல்லை. ஆறும் வாய்க்காலும் விவசாயிகளின் பிரச்சினை அல்லவா?

டெல்டாவில் ஊருக்கும் வயலுக்கும் நடுவே வேலி கிடையாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அதில் பாசனத்துக்குப் போகிற தண்ணீர் பல இடங்களில் நகரங்களுக்குள் புகுந்துதான் வயலுக்குப் போகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் நகரத்தை ஊடறுத்து ஓடுகிறது. கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது. திருவாரூருக்கு ஓடம்போக்கி, மன்னார்குடிக்குப் பாமணி. திருச்சியின் உய்யக்கொண்டான் ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால். ஆயிரம் ஆண்டுகளாக வயலுக்குத் தண்ணீர் சுமந்த அது, இப்போது நகரத்தின் சாக்கடையையும் சேர்த்துச் சுமக்கிறது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி படிக்கிறோம். கர்நாடகத்தைத் திட்டுகிறோம், அரசைத் திட்டுகிறோம். நம் தெருமுனை மதகில் அடைத்துக்கொண்டிருக்கும் பாலித்தீன் மூட்டையை யாரும் திட்டுவதில்லை. ஆகவே இது உங்கள் பிரச்சினையும்தான்.

சரி. முதல் வேலை என்ன?

துடைப்பமும் கையுறையும் வாங்குவது அல்ல. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று நடந்து பார்ப்பது.

வாசலில் ஓடும் சாக்கடையைப் பிடித்துக்கொண்டு, அது போகிற திக்கில் நடங்கள். அது ஒரு பெரிய வடிகாலில் சேரும். வடிகால் ஒரு சிறுபாலத்தின் அடியில் நுழையும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பாலத்தின் வாயில் கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நகரத்தின் வாழ்க்கை முழுவதும் அங்கே வந்து சிக்கியிருக்கும்: பால் பாக்கெட், சாம்பார் கட்டிக் கொடுத்த பை, தெர்மாகோல் தட்டு, வாழை நாரோடு பூமாலை, குழந்தைகளின் டயப்பர், பஞ்சு பிதுங்கிய தலையணை, இளநீர்க் கூடு. கூர்ந்து பார்த்தால், மேலே எந்தக் கடை இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். ஒரே மாதிரியான சட்னிப் பொட்டலங்கள் குவிந்திருந்தால் உணவகம். மாலைகளும் சூடம் வந்த பெட்டிகளும் என்றால் கோயில் அல்லது மண்டபம். கோழி இறகு என்றால் விளக்கம் தேவையில்லை. யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதை அந்தக் குவியலே சொல்லிவிடும்.

அதைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேற்கொண்டு நடங்கள். வடிகால் எந்த வாய்க்காலில் விழுகிறது, வாய்க்கால் எந்த ஆற்றில் சேர்கிறது அல்லது எந்த வயலுக்குப் போகிறது என்று பாருங்கள். பாதை தெரியாத இடத்தில் அந்தத் தெருவின் வயதானவர்களைக் கேளுங்கள். இப்போது கடைகள் இருக்கும் இடத்தில் முன்பு வாய்க்கால் ஓடியதை அவர்கள்தான் சொல்வார்கள். இந்த ஒரு நடை முடிந்தால், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எந்த மாதத்தில் வேலை செய்வது நல்லது?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்து, ஜனவரி 28 அன்று மூடப்படும். அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுவதும் உண்டு. 2022-இல் மே மாதத்திலேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலைக் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்படியானாலும் மாசியிலிருந்து வைகாசி வரை ஆறுகளும் வாய்க்கால்களும் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். இறங்கி வேலை செய்ய அதுதான் காலம்.

ஆனால் மனு கொடுக்க வேண்டிய காலம் அதற்கும் முந்தியது. தூர்வாரும் பணிக்கான பட்டியல் தயாராகிய பிறகு ஏப்ரலில் போய் "எங்கள் வாய்க்காலையும் சேருங்கள்" என்றால், அடுத்த ஆண்டுக்கு என்று சொல்லிவிடுவார்கள். பொங்கல் முடிந்த கையோடு போய்விட வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பேனர் கட்டி வாய்க்காலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு வாரத்தில் தண்ணீர் வந்துவிடும், கரையில் அள்ளிப் போட்டதெல்லாம் அதோடு கூடவே போய்விடும்.

ஒரு வாய்க்கால் யாருக்குச் சொந்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அலைக்கழிப்பு தொடங்கும் இடம் இதுதான். "இது எங்கள் வாய்க்கால் இல்லை" என்ற பதிலைக் கேட்காத ஆர்வலர் டெல்டாவில் இருக்க முடியாது.

பொதுவாக ஆறுகளும், அதிலிருந்து பிரியும் ஏ, பி வாய்க்கால்களும் நீர்வளத்துறையின் பொறுப்பு. சி, டி வாய்க்கால்கள் எனப்படும் சிறிய கிளைகள் உள்ளாட்சி, பாசனதாரர்கள் என்று பலர் கையில் இருப்பதால் பெரும்பாலும் யாருமே கவனிப்பதில்லை. நகரத்தின் மழைநீர் வடிகால் மாநகராட்சி அல்லது நகராட்சியுடையது. கோயில் குளம் என்றால் கோயிலின் செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் வேறு துறையின் நிலத்தில் இருக்கலாம். குளத்தைச் சுத்தம் செய்துவிட்டு வரத்து வாய்க்காலை மறந்துபோகிறவர்கள் அதிகம். தஞ்சாவூர் சிவகங்கைக் குளத்துக்கு ஊருக்கு வெளியே இருந்த சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லை.

காகிதத்தில் பார்க்க வேண்டுமானால் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் அ-பதிவேடும் புல வரைபடமும் கிடைக்கும். சர்வே எண்ணைப் போட்டால் அந்த இடம் வாய்க்கால் புறம்போக்கா, குளமா, பட்டாவா என்று தெரிந்துவிடும். ஆக்கிரமிப்பு என்று சந்தேகம் வந்தால், முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு வாயைத் திறப்பது நல்லது. ஏரி, குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டமும், அரசு நிலம் முழுவதற்கும் பொருந்தும் 1905-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடிசை போட்டிருப்பவரைக் காட்டிக்கொடுக்கக் காட்டும் வேகத்தை, வாய்க்காலின் மேல் தளம் போட்டு வணிக வளாகம் கட்டியவரிடமும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலையே வேண்டாம்.

மனு கொடுத்தால் உண்மையில் ஏதாவது நடக்குமா?

எழுதுகிற விதத்தில் எழுதினால் நடக்கும். "எங்கள் பகுதியில் சுகாதாரச் சீர்கேடு தலைவிரித்தாடுகிறது" என்று தொடங்கும் மனு எந்த மேஜையிலும் நிற்காது. ஒரு மனுவில் ஒரே ஒரு பிரச்சினை, அதன் சரியான இடம், சர்வே எண் அல்லது அருகிலுள்ள அடையாளம், தேதியோடு இரண்டு படங்கள், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தெருவில் பத்துப் பேர் கையெழுத்திட்டால் நல்லது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் பலருக்கும் தெரியும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தை நகரவாசிகள் எட்டிப் பார்ப்பதில்லை. நீர்வளத்துறைப் பொறியாளர்கள் வரிசையாக உட்கார்ந்து பதில் சொல்லும் இடம் அது. உங்கள் ஊர்ச் சாக்கடையால் பாதிக்கப்படும் விவசாயி அங்கே பேசும்போது நீங்கள் கொடுக்கும் படம் அவருக்கு உதவும்; அவருடைய குரல் உங்கள் மனுவுக்கு உதவும். முதல்வரின் உதவி மையம் 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "மேற்படி மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, இந்த வாய்க்காலைத் தூர்வார ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி முடிந்ததற்கான அளவுப் புத்தகத்தின் நகல் தேவை" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. செய்த வேலையின் அளவைப் பொறியாளர்கள் பதிந்து வைக்கும் புத்தகம் அது. அதைக் கேட்டதுமே சில இடங்களில் பொக்லைன் வந்து நிற்பது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நகரத்தில் கிராம சபை போல ஏதும் இல்லையா?

உண்டு. 2022-இல் வந்த விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. உங்கள் வார்டில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூட்டம் நடந்ததாகப் பதிவேட்டில் மட்டும் இருந்தால், அதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

நாங்களே இறங்கிச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டுமா?

வேண்டும். வாய்மொழி அனுமதி போதாது, எழுத்தில் வாங்குங்கள். இயந்திரம் இறக்குவதானால் கட்டாயம் வேண்டும். அள்ளிய வண்டலை எங்கே போடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கரையிலேயே கொட்டினால் முதல் மழையில் திரும்பி இறங்கிவிடும். குளத்து வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் சொல்லி வைத்தால் லாரி அவர்களே கொண்டுவருவார்கள்.

பெரிய அளவில் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் பேராவூரணிப் பெரிய குளத்தைப் பார்க்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்ட பிறகு, வேலை வருமானம் எல்லாம் போயிருந்த அந்தக் கடைமடைப் பகுதியின் இளைஞர்களும் விவசாயிகளும் 2019-இல் நன்கொடை திரட்டி, 500 ஏக்கருக்கும் மேல் பரந்த அந்த ஏரியில் இயந்திரம் இறக்கித் தூர்வாரினார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, நீளமான கொக்கி. கண்ணாடிச் சில்லும் ஊசியும் சேற்றுக்குள் இருக்கும். புதர் மண்டிய இடத்தில் பாம்பு இருக்கும். மலக்கழிவு ஓடும் சாக்கடையில், பாதாளச் சாக்கடைத் தொட்டியில், செப்டிக் தொட்டியில் தன்னார்வலர் மட்டுமல்ல, யாருமே இறங்கக் கூடாது. காசு கொடுத்து ஒருவரை இறக்கினால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

ஆகாயத்தாமரையை அகற்றினால் மறுபடி மறுபடி வருகிறதே?

வரத்தான் செய்யும். அதற்குச் சோறு போடுவது நம் சாக்கடை. கழிவுநீர் விழும் இடத்துக்குக் கீழேதான் அது தழைத்துக் கிடக்கும் என்பதை எந்த வாய்க்காலிலும் பார்க்கலாம். ஒரு துண்டு தங்கினாலும் மீண்டும் பெருகும். எனவே அகற்றுவதும் கழிவுநீரை நிறுத்தக் கேட்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்க் காயவிட்டு, சாணத்தோடு மக்க வைத்தால் உரமாகும்.

அதைவிடப் பிடிவாதமானது நெய்வேலிக் காட்டாமணக்கு. ஊதாப் பூவைப் பார்த்து அழகு என்று விட்டுவிடாதீர்கள். ஆடு மாடு தின்னாது, வெட்டிப் போட்ட தண்டு ஈரம் பட்ட இடத்தில் வேர்விட்டு எழும். அரிவாளால் கழிப்பது வீண் வேலை. வறண்ட மாதத்தில் வேரோடு பறித்து, வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும்.

மரக்கன்று நடலாமா?

நடலாம், ஆனால் கன்று நடுவதை விட இருக்கிற மரத்தைக் காப்பது பெரிய வேலை. அரசு நிலத்திலும் சாலையோரத்திலும் உள்ள மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சாலை விரிவாக்கத்துக்காக மரத்தில் எண் எழுதத் தொடங்கினால், அன்றைக்கே அந்தக் குழுவுக்கு எழுதுங்கள். மரம் விழுந்த பிறகு கவிதை எழுதிப் பயனில்லை.

நடுவதானால் புங்கம், நாவல், இலுப்பை, வேம்பு, பூவரசு. ஆற்றோரம் என்றால் நீர்மருது. வாய்க்காலின் உட்சரிவில் நடாதீர்கள். அடுத்த ஆண்டு தூர்வார வரும் பொக்லைனுக்கு அதுதான் வழி. கன்று முதல் நாளே போய்விடும். கரையின் வெளிப்பக்கம், இயந்திரம் போக இடம் விட்டு நடுங்கள். பனைக்குத் தனி இடம் உண்டு. கஜாவில் தென்னை சாய்ந்த ஊர்களில் பனை நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை கிடைக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூண்டு வேண்டாம், புதைத்துவிட்டுப் போகலாம். படத்தில் எடுப்பாகத் தெரியாது என்பதுதான் ஒரே குறை.

வீட்டில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறேன். வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே?

பலரும் சொல்லும் குறை இது, உண்மையும்கூட. அதற்காகப் பிரிப்பதை நிறுத்தாதீர்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துக் கொடுப்பதை வீட்டுக்காரரின் கடமை ஆக்கியிருக்கின்றன. பிரித்ததைத் தனியாகக் கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை. நீங்கள் உங்கள் பங்கைச் செய்தால்தான் அவர்கள் பங்கைக் கேட்க முடியும். வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதைப் படம் எடுத்து மனுவோடு இணையுங்கள், ஆனால் தூய்மைப் பணியாளரின் முகம் தெரியாமல். பிரிவு இல்லாத வண்டியை அனுப்பியது அவர் அல்ல.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் செய்யக்கூடியது, சமையலறைக் கழிவை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது. அடியில் ஓட்டை போட்ட மண்தொட்டி இரண்டு போதும். காய்த்தோல், வாழை இலை, காபித்தூள் சக்கை போட்டு, மேலே ஒரு கை தென்னை நார்த்தூளோ காய்ந்த சருகோ தூவிக்கொண்டே வர வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு குறைவு என்று பொருள். ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

ஆடிப்பெருக்கு அன்று ஆறு குப்பையாகிறது. இதைச் சொன்னால் பக்திக்கு எதிரி என்கிறார்கள்.

சொல்கிற இடத்தில் சொன்னால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். படித்துறையில் நின்று உபதேசம் செய்வதால் பயனில்லை. காதோலை, கருகமணி, மஞ்சள், பூ, காப்பரிசி என்று நம் பாட்டிகள் ஆற்றுக்குக் கொண்டுபோனதில் ஆற்றை மூச்சுமுட்ட வைக்கும் பொருள் அதிகம் இல்லை. அதைச் சுற்றி வந்த பாலித்தீன் பைதான் புதிது. அதனால் ஆடி 17 அன்றே பூஜைச் சாமான் விற்கும் கடைகளில் பேசி, காகிதப் பையிலோ வாழை இலையிலோ கட்டிக் கொடுக்கக் கேளுங்கள். அன்று காலை படித்துறையில் இரண்டு பெரிய கூடை வைத்து, "அம்மா, பையை மட்டும் இதில் போட்டுவிட்டுப் போங்கள்" என்று ஒரு பெண் கேட்டால், போடாதவர்களைப் பார்ப்பது அரிது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது என்பதைக் கடைக்காரருக்கு நினைவூட்டலாம், அவருக்கும் தெரியும்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மகாமகம் 2028-இல். குளத்துக்கும் படித்துறைகளுக்கும் அரசுப் பணம் வரப்போகிறது. அது வண்ணம் பூசுவதில் தீர்ந்துபோகாமல் வரத்து வாய்க்கால்களுக்கும் போக வேண்டுமென்றால், கேட்க வேண்டிய நேரம் இப்போதுதான்.

செப்டிக் லாரிகள் இரவில் வாய்க்காலில் திறந்துவிடுகின்றன. என்ன செய்வது?

உரிமம் பெற்ற வண்டிதான் எடுக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் விட வேண்டும். வண்டி எண், நேரம், இடம் ஆகிய மூன்றும் இருந்தால் புகார் நிற்கும். தனியாகப் போய் வண்டியை மறிக்காதீர்கள். உங்கள் வீட்டுத் தொட்டியை எடுக்கும்போது, எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று கேளுங்கள். குறைந்த விலைக்கு வருகிறவர் எங்கே விடுகிறார் என்று கேட்காமல் இருப்பதுதான் பாதிப் பிரச்சினை.

ஹைட்ரோகார்பன், நிலக்கரி போன்ற பெரிய விஷயங்களில் நகரவாசிக்கு என்ன வேலை?

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் மறைந்தது, மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பிரசாரத்துக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்திருந்தபோதுதான். 2017-இல் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிராக நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்மக்கள் எழுந்தார்கள். இந்த எதிர்ப்புகளுக்குப் பின்னால்தான் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வு, உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றை அது தடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தவற்றை அது தொடவில்லை, திருச்சி மாவட்டம் முதலில் அதற்குள் வரவும் இல்லை. சட்டம் இருந்தும் 2023-இல் டெல்டாவின் மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலில் நீக்கப்பட்டன. பட்டியலை யாரோ உட்கார்ந்து படித்ததால்தான் அது வெளியே தெரிந்தது.

நகரவாசியால் நன்றாகச் செய்ய முடிந்தது அந்தப் படிக்கிற வேலை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வரும். கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் 30 நாளுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும், எவரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம், கூட்டத்தின் பதிவை முடிவில் தமிழில் வாசித்துக்காட்ட வேண்டும். ஆங்கில அறிக்கையைப் படித்து, பாதிக்கப்படும் ஊரில் உட்கார்ந்து நல்ல தமிழில் விளக்க ஓர் ஆசிரியரோ வங்கி ஊழியரோ போதும். நிலத்தில் வரும் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு 2020 ஜனவரியில் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு மாற்றிவிட்டது. அதனால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் இணையதளத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா?

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு அது. பாதிக்கப்பட்டவர் போகலாம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால் தேதி முக்கியம். மேலே சொன்ன மனு நகல், ஒப்புகை, படங்கள், தகவல் உரிமைப் பதில்கள் கையில் இருந்தால் வழக்கறிஞருக்கு வேலை பாதி குறையும். அவை இல்லாமல் போகாதீர்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறேன், வயதும் ஆகிவிட்டது.

வாக்குச்சீட்டு இருக்கும் ஊரில் கேள்வி கேட்க வீட்டுப் பத்திரம் தேவையில்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் இருந்தால் போதும். எந்தக் கோப்பு எந்த மேஜையில் உறங்கும் என்று அவருக்குத் தெரியும். இளைஞர்கள் இறங்கட்டும், நீங்கள் கடிதங்களையும் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்கள் கலைவது ஆள் இல்லாமல் அல்ல, காகிதத்தைப் பத்திரமாக வைக்க ஒருவர் இல்லாமல்.

குழந்தைகளை எதில் சேர்க்கலாம்?

சாக்கடைப் பக்கம் வேண்டாம், பறவைகள் பக்கம் கூட்டிப் போங்கள். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, பார்த்தவற்றை எண்ணிக்கையோடு ஈபேர்டு செயலியில் பதிவு செய்ய வேண்டும், மொட்டைமாடியிலிருந்துகூடச் செய்யலாம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர் ஏரி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சரணாலயங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, காலை ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஒரு பைனாகுலரை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருப்பதை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று விட்டுவிடுங்கள். அது வயல் நத்தையைத் தின்று வாழ்கிறது என்று சொன்னால், வயலுக்குப் போகும் தண்ணீரைப் பற்றி அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்.